உடனிருப்பதும் மருந்தே

நுழையும்முன்

உடலின் நோவை வாய்விட்டுச் சொல்லும் மனிதர், உள்ளத்தின் நோவைச் சொல்லத் தயங்குகின்றனர். காய்ச்சலுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதும் மாணவர், மனச்சோர்வுக்கு எழுதுவதில்லை. சொல்லாமல் மறைத்த துயரம் நாளடைவில் தானே கரைந்துவிடும் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. தமிழ் இலக்கிய மரபோ, துயரை உரியவரிடம் எடுத்துச் சொல்வதை அறம் என்றே பெயரிட்டு வழங்கியது. அம்மரபின் துணையோடு இன்றைய மாணவரின் மனநலத்தைப் புரிந்துகொள்ள வழிகாட்டுகிறது இப்பாடம்.

ஒரு மாணவியின் மூன்று மாதங்கள்

பத்தாம் வகுப்புவரை சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். நல்ல மதிப்பெண் பெற்ற அவள், பதினொன்றாம் வகுப்பில் நகரத்துப் பள்ளியொன்றில் அறிவியல் பிரிவில், ஆங்கிலவழியில் சேர்கிறாள், விடுதியில் தங்குகிறாள். முதல் மாதத்தில், புரியாதவற்றைக் கேட்டால் பிறர் நகைப்பர் என அஞ்சி வாய் திறவாதிருக்கிறாள். இயற்பியல் தேர்வில் முதன்முறையாகத் தோல்வியுறுகிறாள். விடைத்தாள் வழங்கும்போது அவளது மதிப்பெண் வகுப்பறையில் உரக்கப் படிக்கப்படுகிறது.

இரண்டாம் மாதத்தில் இரவில் உறக்கம் வருவதில்லை; காலையில் எழ இயலுவதில்லை. தேர்வு நாள்களில் வயிறு வலிக்கிறது. மூன்றாம் மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், விரும்பி உண்ணும் உணவையும் ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கண்பட்டிருக்கும் என்று தாய் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். பாட்டி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறார். கைப்பேசியே எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் தந்தை. இரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் தென்படவில்லை.

அவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும், "உன் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று எவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விடுதியில் அவளுக்கு அடுத்த படுக்கையில் உறங்கும் தோழி ஒருத்திக்கு மட்டும், அவள் இரவுதோறும் அழுவது தெரியும்.

குறிஞ்சிப்பாட்டின் செவிலி

இக்காட்சி தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, கபிலர் இயற்றிய 261 அடிகளைக் கொண்ட நூல். தலைவியின் உடல் மெலிவைக் கண்ட செவிலித்தாய் கலங்குகிறாள், அறிந்தவர்களிடம் கேட்கிறாள், தெய்வங்கள் பலவற்றையும் போற்றி வழிபடுகிறாள். நோயின் காரணம் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அக்காரணத்தை அறிந்தவள் தோழி. அவளே செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கிறாள். பாட்டு முழுவதும் அத்தோழியின் கூற்றாகவே அமைந்துள்ளது.

சங்க அகப்பாடல்கள் பலவற்றில் இடம்பெறும் வெறியாட்டும் இத்தகையதே. மகளின் வாட்டம் முருகனால் வந்தது எனக் கருதும் தாய், வேலனை அழைத்து வெறியயர்கிறாள். அவளது அன்பும் கவலையும் உண்மையானவை. நோயை அறிந்த முறையே பிழையானது. வழிபாடு தரும் ஆறுதலை எவரும் மறுப்பதில்லை. ஆனால், உள்ளத்தின் நோவுக்குக் காரணம் என்ன என்பதை, நோவுற்றவரின் உள்ளத்தைக் கேட்டே அறிய இயலும் என்பதைப் புலவர்கள் உணர்ந்திருந்தனர்.

அழுகைக்கு நான்கு காரணங்கள்

மனத்துயரம் கோழைத்தனத்தின் அடையாளம் என்னும் கருத்து இன்றும் நிலவுகிறது. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று சிறுவனைக் கேட்கும் வழக்கம் இதன் விளைவே. தொல்காப்பியரின் பார்வை வேறானது. மெய்ப்பாட்டியலில் அவர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். பெருமிதத்துக்கும் உவகைக்கும் இடமளித்த அதே வரிசையில் அழுகைக்கும் அச்சத்துக்கும் இடமளிக்கிறார். மனிதருக்கு இயல்பானவை என்னும் வகையில் இவ்வெட்டும் ஒரே நிலையில் வைத்து எண்ணப்படுகின்றன.

அழுகை தோன்றும் நிலைக்களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினை அவர் சுட்டுகிறார். பிறரால் இகழப்படுதல் இளிவு; உற்றாரையோ உரியவற்றையோ இழத்தல் இழவு; முன்பிருந்த நிலை மாறி வருந்துதல் அசைவு; வேண்டியவற்றைத் துய்க்க இயலாமை வறுமை. இந்நான்கும் இன்றைய மாணவர் வாழ்விலும் காணப்படுகின்றன. நிறத்தையோ உடல் பருமனையோ சாதியையோ சொல்லிப் பழிக்கப்படும் மாணவர் இளிவால் வருந்துகிறார். தாத்தாவின் மறைவும், நெருங்கிய நட்பின் முறிவும் இழவாகின்றன. சிற்றூரிலிருந்து விடுதிக்கும், தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கும் மாறிய மாணவியின் கலக்கம் அசைவு. கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்பில் தலைகுனிந்து நிற்பவரின் துயரம் வறுமையின் துயரம்.

துயரத்துக்குக் காரணம் உண்டு என்று அறிவதே தெளிவின் தொடக்கம். "நான் எதற்கும் தகுதியற்றவள்" என்று தன்னையே பழித்துக்கொண்ட மாணவி, "புதிய இடமும் புதிய மொழியும் என்னைக் கலங்கச் செய்துள்ளன" என்று உணர்வாளாயின், அவளது சிக்கலுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பெயரிடப்பட்ட சிக்கலுக்குத் தீர்வு தேட முடியும்.

இயல்பான வருத்தமும் உதவி வேண்டும் நிலையும்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நோயில்லாமை மட்டுமே நலம் ஆகாது; உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் நன்னிலையில் இருப்பதே நலம் என்று அச்சட்டம் வரையறுத்தது. உடலையும் உள்ளத்தையும் பிரித்துக் காண இயலாது என்பதை மாணவியின் வயிற்றுவலி காட்டுகிறது. அச்சம் எழும்போது உடலில் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் மிகுகின்றன, இதயம் விரைந்து துடிக்கிறது, செரிமானம் தடைப்படுகிறது. எனவே அவள் உணர்ந்த வலி நடிப்பன்று, உண்மையான வலியே.

தேர்வுக்கு முன் சிறிது பதற்றம் கொள்வதும், தோல்விக்குப் பின் சில நாள்கள் வருந்துவதும் இயல்பு. அவை நோயல்ல, பெரும்பாலும் ஓய்வு, உரையாடல், விளையாட்டு, நல்ல உறக்கம் ஆகியவற்றால் தணிந்துவிடும். அவ்வாறு தணியாமல், நாளின் பெரும்பகுதியும் சோர்வும் ஆர்வமின்மையும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குத் தொடருமானால், உரியவரின் உதவியை நாட வேண்டும். உறக்கமும் பசியும் வெகுவாக மாறுதல், விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மை, நண்பர்களை விட்டு விலகுதல், காரணமின்றி எரிந்து விழுதல், படிப்பில் மனம் ஒன்றாமை, தன்னைத் தாழ்வாக எண்ணுதல் முதலியன கவனிக்க வேண்டிய அறிகுறிகளாகும். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுமாயின், நாள்களைக் கணக்கிட்டுக் காத்திருத்தல் கூடாது. அப்பொழுதே உதவி பெறுதல் வேண்டும்.

இத்தகைய நிலை அரிதானது எனக் கருதவும் வேண்டா. பெங்களூருவிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015 – 16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதில் 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர் மனநலச் சிக்கலுக்கு உள்ளாகியிருந்தமை தெரியவந்தது. நாற்பது பேர் கொண்ட வகுப்பறையாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ மூவர்.

மறைத்தலின் பின்னணி

இத்தனை பேர் துன்புறும்போதும் அது வெளியில் தெரியாமல் இருப்பதற்குப் பழிச்சொல் பற்றிய அச்சமே முதன்மைக் காரணம். சென்னையிலுள்ள கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794ஆம் ஆண்டைச் சார்ந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக எண்ணற்றோருக்கு மருத்துவம் செய்த நிறுவனம் அது. ஆயினும், அந்த இடத்தின் பெயரையே ஏளனச் சொல்லாக வழங்கும் பழக்கம் பேச்சிலும் திரைப்பட நகைச்சுவையிலும் வேரூன்றியது. காய்ச்சலுக்குச் செல்லும் மருத்துவமனையின் பெயர் எவரையும் இழிவுபடுத்துவதில்லை. மனநல மருத்துவமனையின் பெயர் மட்டும் இழிவாக ஒலிக்குமானால், உதவி தேவைப்படுவோர் அதன் வாயிலை எவ்வாறு மிதிப்பர்?

இப்பழிப்பு உயிரையும் பறிக்கும் என்பதற்கு ஏர்வாடித் துயரம் சான்றாகும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட இயலாமல் மாண்டனர். நோயுற்றவரை மருத்துவத்துக்கு உரியவராகக் கருதாமல் கட்டிவைக்க உரியவராகக் கருதியதன் விளைவு அது.

நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டு நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்நிலையை மாற்ற முற்பட்டது. மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை அது தடைசெய்கிறது. அரசின் வழியாக மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. நோய் குறித்த செய்திகளைப் பிறர் அறியாமல் காக்கும் உரிமையையும் வழங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி, அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.

> தெரிந்து தெளிவோம்
>
> இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர் எம். சாரதா மேனன் (1923 – 2021). கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் பணியாற்றிய இவர், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக 1984ஆம் ஆண்டு சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் அமைப்பை உருவாக்கினார். 1992ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார்.

கேட்கும் முறை

நோவுற்றவர் பேசத் தொடங்கும்போது கேட்பவர் என்ன செய்கிறார் என்பது இன்றியமையாதது. "இதற்கெல்லாமா அழுவார்கள்?", "உன்னைவிடத் துன்பப்படுவோர் எத்தனையோ பேர்", "தைரியமாக இரு" முதலிய சொற்கள் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆனால், கேட்பவர் உள்ளத்தில் அவை, "உன் துயரம் பொருட்படுத்தத் தக்கதன்று" என்றே ஒலிக்கும். அத்துடன் பேச்சு நின்றுவிடும்.

நன்கு கேட்பவர் குறுக்கிட்டுப் பேசுவதில்லை, உடனே அறிவுரை கூறுவதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை. "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?", "இரவில் உறங்க முடிகிறதா?", "நான் உடன் வரட்டுமா?" என்று எளிய வினாக்களைக் கேட்கிறார். சிறிது நேரம் பேசாமல் அருகில் அமர்ந்திருப்பதும் கேட்டலே ஆகும். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணத்தை விதைத்ததாகிவிடும் எனப் பலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. அன்போடு கேட்கப்படும் அவ்வினா, நெடுநாள் தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைக்க வாய்ப்பளிக்கிறது என்பதே மனநல அறிஞர்களின் கருத்து.

கேட்டலின் ஆற்றலை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் அமைப்புகளும் உண்டு. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அத்தகையது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அங்கே துயருற்றோரின் பேச்சைப் பொறுமையோடு கேட்கின்றனர். தற்கொலைத் தடுப்பே அவ்வமைப்பின் நோக்கம்.

அறத்தொடு நிற்றல்

விடுதியில் அடுத்த படுக்கையிலிருந்த தோழி ஒருநாள் இரவு எழுந்து மாணவியின் அருகில் அமர்ந்தாள், கேட்டாள். மாணவி எல்லாவற்றையும் சொன்னாள். "காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று சில நாள்களாகத் தோன்றுகிறது" என்றும் சொன்னாள். பின்னர், "இதை யாரிடமும் சொல்லிவிடாதே, சத்தியம் செய்" என்று கையை நீட்டினாள்.

தோழிக்கு இது பெருஞ்சோதனை. சொன்னால் நட்பு முறியலாம். சொல்லாவிடில் உயிருக்கே ஊறு நேரலாம். இவ்விடத்தில் அகத்திணை மரபின் அறத்தொடு நிற்றல் வழிகாட்டுகிறது. தலைவி தன் உள்ளத்தைத் தோழியிடம் வெளிப்படுத்துகிறாள். தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் முறையே எடுத்துரைக்கின்றனர். மறைத்துவைத்த செய்தியை ஊரறியப் பரப்புதல் அலர். உரியவரிடம் உரிய முறையில் உரைத்தல் அறத்தொடு நிற்றல். இரண்டும் வெளிப்படுத்துதலே எனினும் நோக்கத்தாலும் பயனாலும் வேறானவை.

நண்பரின் மனக்குறையை வகுப்பில் பரப்புவதும், கைப்பேசிக் குழுக்களில் பகிர்வதும் அலராகும். நண்பரின் உயிருக்கு ஊறு நேரும் என்று தெரியும்போது, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அதனைத் தெரிவிப்பது அறமாகும். அந்நிலையில் மறைவைக் காப்பதாக வாக்களித்தல் பொருந்தாது.

தோழி சத்தியம் செய்யவில்லை. "நான் வகுப்பில் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். நீயும் வா, இருவரும் சேர்ந்தே சொல்வோம்" என்றாள். அன்றிரவு அவளைத் தனித்திருக்க விடாமல் உடனே விடுதிக் காப்பாளரை எழுப்பினாள். மறுநாள் காலை வகுப்பாசிரியர் மாணவியின் பெற்றோரை வரவழைத்தார். மாணவி ஒரு வாரம் தோழியோடு பேசவில்லை. எட்டாம் நாள், மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆலோசகரைக் கண்டு திரும்பியவள், தோழியின் படுக்கையில் வந்து அமர்ந்தாள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

மனநல உதவி பெறுவதற்கு முதற்படி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுதல். அவர் பெற்றோராகவோ ஆசிரியராகவோ உறவினராகவோ இருக்கலாம். ஒருவர் செவிசாய்க்கவில்லையெனில் மற்றொருவரை நாட வேண்டும்.

நேரில் பேசத் தயங்குவோர் தொலைபேசியை நாடலாம். ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாளாகிய உலக மனநல நாளில் 'டெலி மானஸ்' என்னும் சேவையைத் தொடங்கியது. இதன் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. வன்முறைக்கோ துன்புறுத்தலுக்கோ உள்ளாகும் 18 வயதுக்குட்பட்டோர் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கு ஆலோசகர் பேச்சின் வழியாகச் சிக்கலை ஆராய்ந்து, அதனை எதிர்கொள்ளும் வழிகளைக் கற்பிப்பார். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவுசெய்வார். எல்லார்க்கும் மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கும் அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். ஆதலால் மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்துதல் கூடாது. தேர்வில் தவறியவர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதும் வாய்ப்பும் தமிழ்நாட்டில் உள்ளது. ஒரு தேர்வு ஒரு வாழ்வை முடிவுசெய்துவிடாது.

மருந்தின் நான்கு கூறுகள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்து நிறைவுறுகிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, நோயுற்றவரின் அருகிலிருந்து உதவுபவர் என்பன அவை. அருகிலிருப்பவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' எனக் குறிக்கிறார். மருத்துவரோடும் மருந்தோடும் ஒப்பவைத்து அவரையும் எண்ணியமை கருதத்தக்கது. இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் வன்மையை நோயுற்றவருக்கும், நோயாளியிடம் அன்புடைமையை உழைச்செல்வானுக்கும் வேண்டிய பண்புகளுள் வைக்கிறார்.

மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லாமல் இருக்கலாம். மருந்து எல்லார்க்கும் தேவைப்படாமலும் இருக்கலாம். எஞ்சிய இரண்டு கூறுகள் எல்லா வகுப்பறையிலும் எல்லா வீட்டிலும் உண்டு. நோவுற்றவர் சொல்ல வேண்டும். அருகிலிருப்பவர் அன்போடு கேட்க வேண்டும். அம்மாணவி இப்பொழுதும் இயற்பியலைக் கடினமாகவே உணர்கிறாள். ஆனால், புரியாதபோது கையை உயர்த்திக் கேட்கிறாள்.

கற்பவை கற்றபின்…

1. அலர் தூற்றுதல், அறத்தொடு நிற்றல் ஆகிய இரண்டையும் இன்றைய மாணவர் வாழ்வோடு பொருத்தி ஒப்பிட்டு எழுதுக.
2. மனநலம் குன்றியோரை ஏளனம் செய்யும் சொற்கள் அன்றாடப் பேச்சில் வழங்குவதைக் கவனித்து, அவற்றைத் தவிர்க்க வேண்டியதன் காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.
3. துயருற்ற நண்பர் ஒருவரோடு நிகழ்த்தும் உரையாடலை எழுதி, அதில் கேட்பவர் கூறத்தக்கவற்றையும் கூறத்தகாதவற்றையும் பிரித்துக் காட்டுக.
4. இப்பாடத்தில் இடம்பெற்றுள்ள உதவி எண்களைக் கொண்டு பள்ளி அறிவிப்புப் பலகைக்கு உரிய பதாகை ஒன்றை உருவாக்குக.